வருத்தத்துக்குத் திட்டம் எதற்கு?

லென் மராசோவிச்சும் கிளெனிஸும் முப்பத்தொரு வருஷமாகக் கணவன் மனைவி. அதில் பதினேழு வருஷம் எங்கள் விவாத மன்றத்தில் எதிரெதிர் அணி. அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் கிளெனிஸ்தான்.

"வீட்ல கத்தினா பக்கத்து வீட்டு நாய் சேர்ந்து கத்துது. இங்க கத்தினா டீ குடுக்கிறாங்க" என்பாள்.

மன்றம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும் நாங்கள் மொத்தம் எட்டுப் பேர். தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில், கடற்கரைத் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பழைய கல் மண்டபத்தில், சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூடுவோம். நான் தபால் அலுவலகத்தில் கவுன்ட்டரில் இருப்பவள். நாலு பேருக்கு முன்னால் நின்று பேசு என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எனக்கு மணி அடிக்கும் வேலை. ஆறாவது நிமிஷம் ஒரு தட்டு, எட்டாவது நிமிஷம் இரண்டு தட்டு. அதற்கு மேல் பேசினால் நிமிஷத்துக்கு ஒரு மதிப்பெண் போகும்.

லென் படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பவன். விவாதத்துக்கு வரும்போதும் விரலிடுக்கில் கிரீஸ் இருக்கும். அவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் திட்டம் போடுவான். "பூனையைவிட நாயே மேல்" என்று ஒரு நாள் தலைப்பு. லென் எழுந்து, நகரசபை நாய்களைப் பதிவு செய்ய மூன்று கட்டத் திட்டம், அதற்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர் என்று எட்டு நிமிஷமும் பேசினான். நாய் ஏன் மேல் என்று கடைசிவரை வாயே திறக்கவில்லை.

கிளெனிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அவளுடைய வியாதி வேறு. எதைக் கொடுத்தாலும் அது எந்த இடத்தில் கெட்டுப்போனது என்று பின்னாலேயே போவாள். "பள்ளி உணவகத்தில் சோடா விற்பதை நிறுத்த வேண்டும்" என்ற தலைப்புக்கு, பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஆரம்பித்து, சோடாவுக்கு வந்து சேர்வதற்குள் நான் இரண்டு தட்டும் தட்டிவிட்டேன்.

இவர்களுக்குத் தீர்ப்புச் சொன்னவன் கோல் நோஸ்கே, கோதுமை விவசாயி. யார் அவனை அதிகம் சிரிக்க வைத்தார்களோ அவர்களுக்கே வெற்றி. அவனும் அறுவடை வந்தால் ஆறு வாரம் வரமாட்டான். அப்படி ஒரு அறுவடை நேரத்தில்தான் லித்தியா வந்தாள்.

லித்தியா பிஜித் தீவுக்காரி. முட்டி வலி, தோள் வலிக்கெல்லாம் பயிற்சி கொடுப்பவள், எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. லென் முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அவளிடம் பயிற்சிக்குப் போனான். காலைத் தூக்கச் சொன்னால் ஏன் தூக்கக்கூடாது என்பதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

"மூணு காரணம் சொன்னீங்க. முதலும் மூணாவதும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்குது. ரெண்டாவது காரணமே இல்ல, புலம்பல். காலைத் தூக்குங்க" என்றாள் லித்தியா.

லென் அசந்துபோய்க் காலைத் தூக்கிவிட்டான். விசாரித்தால், பிஜித் தலைநகர் சுவாவில் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் விவாத அணியில் இருந்தவளாம். அந்தச் சனிக்கிழமையே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"வணக்கம் ஆன்ட்டி" என்றாள் கிளெனிஸைப் பார்த்து.

"ஆன்ட்டி கீன்ட்டி எல்லாம் வேணாம். கிளெனிஸ்னு கூப்பிடு. இவன் முட்டிய நீ சரி பண்ணிட்டே. வாயையும் பண்ண முடியுமா பாரு."

கோல் இல்லாததால் அன்று லித்தியாதான் நடுவர். தலைப்பு, "தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்ததற்கு வருந்துகிறோம்." லென் ஆதரவு. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிகளைத் திரும்ப வாங்க நகரசபை லாரி அனுப்ப வேண்டும் என்றான். திங்கட்கிழமை வடக்குத் தெருக்கள், செவ்வாய்க்கிழமை தெற்கு. கிளெனிஸ் எதிர்ப்பு. தன் அப்பா முதல் தொலைக்காட்சி வாங்கின கதையைச் சொன்னாள். ஆன்டெனாவைத் திருப்பக் கூரைமேல் ஏறி, இறங்கத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டாராம். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

லித்தியா சிரித்து முடித்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் அருமையா பேசினீங்க. ஆனா தலைப்பப் பத்தி ரெண்டு பேருமே பேசல."

பதினேழு வருஷத்தில் இப்படி ஒரு தீர்ப்பை யாரும் சொன்னதில்லை.

"நான் பேசலையா?" என்றான் லென். "லாரி வரைக்கும் சொன்னேனே?"

"அதான் தப்பு. வருத்தத்துக்குத் திட்டம் எதுக்கு? வருந்துகிறோம்னா நடந்தது நடந்துபோச்சு. இனிமே என்ன செய்யலாம்கிறது பேச்சே இல்ல. அது வராமலே போயிருந்தா இன்னிக்கு நம்ம வீடு எப்படி இருந்திருக்கும்? அந்த வீட்ட நீங்க எங்க கண்ணு முன்னால கட்டிக் காட்டணும். அது இதைவிட நல்ல வீடுன்னு நம்ப வைக்கணும்."

"இல்லாத வீட்ட எப்படிக் கட்டுறது?"

"அதான் வித்தை. கிளெனிஸ், நீங்க எதிர் அணி. அப்பா கதை சிரிப்பா இருந்தது. ஆனா டிவி இல்லேன்னா அப்பா என்ன பண்ணியிருப்பார்னு நீங்க சொல்லல. மதுக்கடைக்குப் போயிருப்பாரா? உங்ககூட சீட்டு விளையாடியிருப்பாரா? அதச் சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பீங்க."

"மதுக்கடைக்குத்தான் போயிருப்பார்" என்றாள் கிளெனிஸ்.

"முட்டி வலிக்கும் தோள் வலிக்கும் ஒரே பயிற்சியா குடுக்கிறேன்? தலைப்பும் அப்படித்தான். முதல்ல எங்க வலிக்குதுன்னு பாருங்க."

அதன்பிறகு எங்கள் சனிக்கிழமைகளே மாறிப்போயின. லித்தியா ஒரு தலைப்பைப் பலகையில் எழுதிவிட்டு, பேசுவதற்கு முன்னால் "இது என்ன கேக்குது?" என்பாள். "செய்ய வேண்டும்" என்று முடிந்தால்தான் லென்னுக்குத் திட்டம் போட அனுமதி. அதிலும் முதலில் என்ன குறை என்று காட்ட வேண்டும், இவன் திட்டத்தால் அந்தக் குறை தீரும் என்று காட்ட வேண்டும், புதுத் தொல்லை எதையும் கொண்டுவராது என்றும் காட்ட வேண்டும். "இதைவிட அது மேல்" என்று வந்தால் திட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எதை வைத்து மேல் கீழ் என்று அளக்கிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நாய் பூனைத் தலைப்பை அவளிடம் சொன்னபோது, "துணையா இருக்கிறத வெச்சு அளந்தா நாய். எலி பிடிக்கிறத வெச்சு அளந்தா பூனை. அளவுகோல யார் கையில வெச்சிருக்காங்களோ அவங்க பக்கம்தான் ஆட்டம்" என்றாள். கோல் அதைத் தன் கோதுமைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

இன்னொரு வகை இருந்தது, தலைப்பில் வரும் ஆளாகவே மாறிப் பேசுவது. அதுதான் லென்னைக் கவிழ்த்தது. "கடல்சிங்கமாகிய நாம் சூரைமீன் கூண்டுகளுக்குள் நுழைய மாட்டோம்" என்று பலகையில் எழுதினாள். எங்கள் வளைகுடா முழுக்கச் சூரைமீன் வளர்க்கும் வலைக்கூண்டுகள். கடல்சிங்கங்கள் விளிம்பைத் தாண்டி உள்ளே குதித்து விருந்து சாப்பிடும். இளவயதில் லென் அந்தக் கூண்டுகளில் முக்குளித்து வேலை பார்த்தவன். ஆதரவு அணியில் நின்று உருகிவிட்டான். வலை கிழிகிறது, மீன் மிரண்டு ஒன்றோடொன்று மோதிச் சாகிறது, நூறு குடும்பம் இதை நம்பி இருக்கிறது.

கிளெனிஸ் எழுந்தாள். இரண்டு கையையும் துடுப்பு மாதிரி இடுப்போடு ஒட்டிக்கொண்டாள்.

"எதிர் அணி நண்பர் கண்ணீர் விடுறாரு. யாருக்காக? மனுஷனுக்காக. என் மீசையப் பாருங்க, நான் கடல்சிங்கம். நூறு குடும்பம் எப்படிப் போனா எனக்கென்ன? எனக்கு வயிறு இருக்கு, குட்டி இருக்கு. திறந்த கடல்ல ஒரு சூரையத் துரத்தணும்னா அரை நாள் மூச்சு வாங்கணும். இங்க ஒரு தாவு. உள்ள இருபது டன் சாப்பாடு. நான் நுழையக்கூடாதுன்னா, *எனக்கு* என்ன நஷ்டம்னு சொல்லு. நீ வலையில மாட்டிச் சாவேன்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பேன். நீதான் அதச் சொல்லவே இல்லையே!"

லென் தலையில் அடித்துக்கொண்டான். "வலையில மாட்டிக்கும்! நானே எத்தனைய அறுத்து விட்டிருக்கேன்!"

"நேரம் முடிஞ்சுது" என்று நான் இரண்டு தட்டுத் தட்டினேன்.

விவாதம் இப்படித் தேறிக்கொண்டே போனது. வீட்டு நிலவரம் அப்படி இல்லை.

அவர்கள் மகள் டான்யா அடிலெய்டில் இருக்கிறாள். காரில் போனால் ஏழு மணி நேரம். இரட்டைக் குழந்தைகள் பிறந்ததிலிருந்து "இங்க வந்துடுங்க" என்று நச்சரிப்பு. கிளெனிஸுக்குப் போக ஆசை. லென்னுக்கு இல்லை. இரண்டு வருஷமாக அதே சண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. கிளெனிஸ் வைட்டிங் மீன் பொரித்திருந்தாள். நான் முதல் துண்டை வாயில் வைத்ததும் சண்டை ஆரம்பித்தது.

"நாம போகணும் லென்."

"அடிலெய்டுல என்ன இருக்கு? இந்த மீன் கிடைக்குமா? காத்து இருக்கா? காரை நிறுத்த இடம் இருக்கா? இந்த ஊர் கால் தூசிக்கு வருமா அது?"

"அன்னிக்கே போயிருக்கணும். கல்யாணம் ஆன வருஷமே போயிருந்தா..."

"அன்னிக்குப் போயிருந்தா இன்னிக்கு இந்த வீடு இருக்குமா?"

"மார்னி, நீயே சொல்லு" என்று என் பக்கம் திரும்பினாள் கிளெனிஸ்.

என் வாயில் மீன் முள் இருந்தது. அது ஒரு நல்ல சாக்கு.

கிளெனிஸ் முள்கரண்டியை மேலே தூக்கினபடி அப்படியே நின்றுவிட்டாள். "நில்லு, நில்லு. நாம ரெண்டு பேரும் வேற வேற தலைப்புல பேசிட்டிருக்கோம்! நான் போகணும்ங்கிறேன், அது திட்டம். நீ இந்த ஊரா அந்த ஊரான்னு ஒப்பிடுறே. உடனே நான் வருத்தத்துக்குத் தாவிடுறேன். ரெண்டு வருஷமா ஒரே மேசையில மூணு விவாதம் நடக்குது!"

லென் மெல்லுவதை நிறுத்தினான். "அதான் ரெண்டு பேருமே ஜெயிக்க மாட்டேங்கிறோமா?"

"முறையா வைப்போம். மண்டபத்துல. லித்தியா தீர்ப்பு."

"எதை வைக்கிறது?"

கிளெனிஸ் திட்டத்தைத்தான் வைப்பாள் என்று நினைத்தேன். ஆனால் லென் முந்திக்கொண்டான். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "வருத்தத்த வைப்போம். எனக்கு அதுதான் தெரியணும்."

அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. கிளெனிஸ் அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

லித்தியாவிடம் சொன்னபோது அவள் தயங்கினாள். "இது விளையாட்டு. உங்க வாழ்க்கைய இதுல கொண்டுவராதீங்க. நான் உங்க முட்டிக்குத்தான் பொறுப்பு." ஆனால் இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் பலகையில் எழுதினாள். சுவாவில் தலைப்புகளை எல்லாம் "இந்த வீடு" என்று ஆரம்பிப்பார்களாம். பேசும் அவைக்கே வீடு என்று பெயராம். அதனால், "போர்ட் லிங்கனிலேயே தங்கிவிட்டதற்கு இந்த வீடு வருந்துகிறது."

"எந்த வீடு?" என்றான் கோல்.

"எங்க வீடுதான்" என்றாள் கிளெனிஸ்.

பக்கம் பிரிக்க நாணயம் சுண்டினோம். வருந்துகிறோம் என்ற பக்கம் லென்னுக்கு விழுந்தது. வருந்தவில்லை என்ற பக்கம் கிளெனிஸுக்கு. லென் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மறுபடி சுண்டலாமா?" என்றான். லித்தியா முறைத்ததும் உட்கார்ந்துவிட்டான். தயார் செய்ய ஒரு மணி நேரம். கிளெனிஸ் தன் பஸ்ஸில் போய் உட்கார்ந்தாள். லென் மண்டபத்துச் சமையலறையில். இடையில் டீ வைக்கப் போனேன். அவன் காகிதத்தில் ஒரு வீட்டின் படம் வரைந்துகொண்டிருந்தான். ஒரு வார்த்தை எழுதவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் கிளெனிஸுக்கு அடிலெய்டில் டிராம் ஓட்டும் வேலைக்குக் கடிதம் வந்தது. தேர்வெல்லாம் எழுதி, கண் பரிசோதனை முடிந்து, வந்து சேரு என்று கடிதம். அப்போதுதான் எங்கள் ஊரில் சூரை வளர்ப்பு சூடு பிடித்தது, முக்குளிப்பவர்களுக்கு நல்ல காசு. ஒரு பருவம் இருந்துவிட்டுப் போகலாம் என்றான் லென். அந்த ஒரு பருவம் முடியவே இல்லை. கடிதத்தைப் பற்றி அதன்பின் அவன் பேசி நாங்கள் கேட்டதில்லை. மறந்துவிட்டான் என்றுதான் கிளெனிஸ் உட்பட எல்லோரும் நினைத்தோம்.

லென் எழுந்தான். கடிகாரத்தை அழுத்தினேன்.

"ஒரு பருவம்னு நான் கேட்டேன்ல, அத நான் கேக்கலைன்னு வெச்சுக்குவோம். அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்" என்றான். "பிப்ரவரி மாசம். வெயில். ரெண்டு பேரும் பழைய வேன்ல போறோம். பின்னால மெத்தை, சட்டி பானை, கிளெனிஸோட தையல் மிஷின். ஹோவ்ங்கிற இடத்துல, ரயில் பாதைக்குப் பக்கத்துல, ரெண்டு ரூம் வீடு. பின்னால எலுமிச்சை மரம். இந்த வீடு நிஜமாவே இருக்கு. நான் அப்ப போய்ப் பார்த்துட்டு வந்தேன். வாடகை கூடப் பேசினேன்."

கிளெனிஸ் தலையைத் தூக்கினாள். இது அவளுக்குத் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

"காலையில நாலரைக்கு எந்திரிக்கிறா. நீலச் சட்டை. முதல் டிராம் அவளோடது. அந்தப் பழைய மரப்பெட்டி டிராம், உள்ள தோல் சீட்டு. கிளெனல்க் கடற்கரையிலேர்ந்து கிளம்பி ஊருக்குள்ள போகும். ஏறுறவங்க எல்லாருக்கும் அவ பேரு தெரியும். ஏன்னா அவ எல்லார்கிட்டயும் பேசுவா, பேசக்கூடாதுன்னு எழுதிப்போட்ட பலகைக்குக் கீழயே உக்காந்து பேசுவா. மூணு தடவை எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருப்பா. நாலாவது வருஷம் அவளே புது ஆளுங்களுக்குக் கத்துக்குடுப்பா. பத்தாவது வருஷம் தொழிற்சங்கத்துல நிப்பா, ஜெயிப்பா. இந்த வாயை இருபது பிள்ளைங்க வாந்தி எடுக்கிற பஸ்ஸுல பூட்டி வெச்சவன் நான். அவ பேச்ச ஒரு நகரமே கேட்டிருக்கும். நாம எட்டுப் பேரு கேக்கிறோம், அதுலயும் கோல் தூங்குறான்."

கோல் தூங்கவில்லை.

அவள் டிராம் நிற்கும் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் சொன்னான். சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வரத் தான் நிறுத்தத்தில் நிற்பதைச் சொன்னான். டான்யா பாட்டி தாத்தா ஊருக்கு விடுமுறைக்கு மட்டும் வருவதைச் சொன்னான். அவன் பேசப் பேச எனக்கு அந்த எலுமிச்சை மரமே தெரிந்தது. அவன் உட்கார்ந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம் பன்னிரண்டு நொடி. ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை.

கிளெனிஸ் எழுந்து முதலில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எதிர் அணி நண்பர் ரொம்ப அழகா ஒரு வீடு கட்டினாரு. அந்த வீட்ல ஒரு ஆளக் காணோம். கவனிச்சீங்களா? நீலச் சட்டையில நான் இருக்கேன். மகள் இருக்கா. எலுமிச்சை மரம் இருக்கு. லென் எங்க? நிறுத்தத்துல நிக்கிறான். அப்படியே நிக்கிறானா முப்பது வருஷமும்? நான் சொல்றேன் அவன் என்ன பண்றான்னு. டயர் கடையில வேலை. மூணு மாசத்துல முதலாளியோட சண்டை. அடுத்த கடை. மறுபடி சண்டை. கடல் இருக்கு, ஆனா குளிக்கிற கடல், வேலை செய்யிற கடல் இல்ல. நான் டிராம் ஓட்டிட்டு வீட்டுக்கு வந்தா சோபாவுல ஒரு மூஞ்சி தொங்கிப்போன ஆளு. அந்த ஆளோட நான் முப்பத்தொரு வருஷம் இருந்திருப்பேன்னு நினைக்கிறீங்களா? எனக்கு அவ்ளோ பொறுமை கிடையாது. ஆறு வருஷம். போனாப் போகுதுன்னு ஏழு."

எல்லோரும் சிரித்தார்கள். லென் சத்தமாகச் சிரித்தான்.

"டிராம் எனக்குப் பிடிச்சிருக்கும். இல்லேன்னு சொல்லல. ஆனா இந்த வீடு வருந்தணும்னா அந்த வீடு இதைவிட மேலா இருக்கணும். இவன் இல்லாத வீடு மேலா கீழான்னு நீங்களே சொல்லிக்குங்க."

ஏழரை நிமிஷத்தில் முடித்துவிட்டாள். பிஜியில் நாலு வருஷத்தில் இப்படி இரண்டு பேச்சு கேட்டதில்லை என்றாள் லித்தியா. ஒரு மதிப்பெண்ணில் லென்னுக்கு வெற்றி என்றாள். "இல்லாத உலகத்த முழுசா கட்டினது அவர்தான்."

கிளெனிஸ் துள்ளிக் குதித்தாள். "பத்து நிமிஷம் பேசினான்! ரெண்டு மதிப்பெண் வெட்டு!"

"மணி அடிக்கலையே" என்றாள் லித்தியா. "பேசினவர் மேல தப்பு இல்ல."

"அப்ப மணிக்காரி மேல அபராதம் போடு!"

நான் அபராதமாகக் கடைக்குப் போய் எல்லோருக்கும் ஜாமும் கிரீமும் வைத்த கிச்சனர் பன் வாங்கி வந்தேன். திரும்பி வரும்போது லென் வெற்றிக் களிப்பு தீர்ந்து முழித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப வருத்தம்னு முடிவாயிடுச்சா? நாம அடிலெய்டு போகணுமா?"

"அய்யோ, இல்ல" என்றாள் லித்தியா. "அன்னிக்குப் போகாதது தப்பா இருக்கலாம், இன்னிக்குப் போறதும் தப்பா இருக்கலாம். அது தனித் தலைப்பு."

"அப்ப நான் வைக்கிறேன்" என்றாள் கிளெனிஸ். பன்னில் இருந்த கிரீம் அவள் மூக்கு நுனியில் ஒட்டியிருந்தது. மண்டபத்து வாசலில், பஸ் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, விரல் மடக்காமல் சொன்னாள். "நாம போகணும். குறை என்னன்னா, பேரப் பிள்ளைங்க போன்ல என் நெத்திய மட்டும்தான் பார்த்திருக்காங்க, கீழ ஒரு வாய் இருக்குன்னே தெரியாது. உன் முட்டியால படகுல நிக்க முடியல. வீட்ட விக்க வேணாம், ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு விடலாம். பட்டறைய உன் தம்பி பார்த்துக்கட்டும். ஒரு வருஷம் கழிச்சுப் பிடிக்கலேன்னா திரும்பிடலாம். இப்ப நீ பேசு."

நாய்க்கும் தொலைக்காட்சிக்கும் திட்டம் போட்டவன் சும்மா நின்றான். பன்னைக் கையில் பிடித்து அமுக்கியதில் ஜாம் வழிந்தது.

"அங்க நான் யாரு?" என்றான் மெதுவாக. "இங்க ஒரு இன்ஜின் நின்னா என்னைத்தான் கூப்பிடுறாங்க. அங்க என்னை யாரு கூப்பிடுவா?"

கிளெனிஸ் எழுந்து அவன் கையிலிருந்த பன்னை வாங்கித் தன் காகிதப் பைக்குள் போட்டாள்.

"எனக்குத் தெரியாது லென். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா டிராம் வேலைக்கு மூணு வாரம் முன்னால விண்ணப்பம் போட்டுட்டேன். நேர்முகத்துக்கு வரச் சொல்லி நேத்து போன் வந்துது."

"ஐம்பத்தாறு வயசுலயா?"

"பஸ் ஓட்டின அனுபவம் வேணுமாம். இருபத்தெட்டு வருஷம் போதுமான்னு கேட்டேன்."

லென் லித்தியாவிடம் திரும்பினான். "நடுவர் கவனிக்கணும். எதிர் அணிக்குத் தெரியாம ஆதாரத்த மூணு வாரமா மறைச்சு வெச்சிருக்கா!"

அதுதான் அவன் சம்மதம் என்று கிளெனிஸ் புரிந்துகொண்டாள். நாங்களும் புரிந்துகொண்டோம்.

மார்ச் மாதம் போனார்கள். ஹோவ் பகுதியில் வீடு கிடைக்கவில்லை, இரண்டு தெரு தள்ளிக் கிடைத்தது. எலுமிச்சை இல்லை, ஒரு அத்திமரம், அதிலும் எல்லாப் பழத்தையும் கிளிகள் தின்றுவிடுகின்றன. கிளெனிஸ் இப்போது டிராம் ஓட்டுகிறாள். முதல் மாதமே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வாங்கிவிட்டாள். லென் முதல் இரண்டு மாதம் சோபாவில்தான் இருந்தான்; கிளெனிஸ் எனக்கு ரகசியமாகப் போன் செய்து, "ஏழு வருஷக் கணக்கு ஓட ஆரம்பிச்சாச்சு" என்றாள். பிறகு கிளெனல்க் படகுத்துறையில் யாரோ ஒருவரின் இன்ஜின் நின்றிருக்கிறது. அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன் தாங்கமுடியாமல் உள்ளே இறங்கிவிட்டான். இப்போது வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் இருக்கிறான். மற்ற நாளெல்லாம் பேரப் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்து டிராமில் ஏற்றி, ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து தொந்தரவு கொடுக்கிறானாம்.

எங்கள் மன்றத்தில் ஏழு பேர் ஆகிவிட்டோம். அணிக்கு மூன்று பேர் வேண்டும், அது போக நடுவர், மணிக்காரி. கணக்கு உதைத்தது. ஒரு சனிக்கிழமை லித்தியா என்னைப் பார்த்தாள்.

"மார்னி, நீங்க ஆதரவு அணி. முதல் பேச்சு."

"எனக்கு வராது."

"இத்தனை வருஷம் எல்லாப் பேச்சையும் நிமிஷம் நிமிஷமா கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

தலைப்பு: "கடற்கரையில் கடற்காகங்களுக்கு உருளை வறுவல் போடுவதைத் தடை செய்ய வேண்டும்." "வேண்டும்" என்று முடிகிறது, ஆகவே முதலில் குறையைக் காட்ட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறை எனக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் தபால் அலுவலக வாசலில் ஒரு கடற்காகம் என் கையிலிருந்த சாண்ட்விச்சைப் பறித்துக்கொண்டு போய், எதிரில் தபால்பெட்டியின் மேல் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது. அதை அப்படியே சொன்னேன். கோல் சிரித்தான். அவன் சிரித்ததும் என் நாக்கு விடுபட்டது.

நாலு நிமிஷம்தான் பேசினேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. உட்காரப் போனேன்.

"அபராதம் எவ்வளவு, யார் வசூலிப்பாங்க?" என்று எதிர் அணியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

நான் மறுபடியும் எழுந்தேன்.